நான் வெட்டி எடுத்த சுவர்

கரவன் திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பசை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எந்தப் பசை எத்தனை மணித்தியாலத்தில் இறுகும், எந்தத் தகட்டுக்கு எந்தத் திருகாணி என்பதெல்லாம் டின்னிலேயே எழுதியிருக்கிறது. உங்களுக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் வாசிக்கவும் வரும். முதலாளி “மூடு” என்று சொல்லி, உங்கள் கை “மூடாதே” என்று சொல்லும் நாளில் என்ன செய்வது என்பது எந்த டின்னிலும் எழுதியில்லை. எனக்கு அந்த நாள் எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னின் வடக்கே கம்பல்பீல்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் வந்தது. அன்று நான் செய்தது முழுக்கச் சரி என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அதே இடத்தில் என்னைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினால் அதையேதான் செய்வேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் இருவரும் வந்து இறங்கியபோது எனக்கு முப்பது வயது. என் கணவர் சிவம் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்கிக் கிழிக்கும் வேலைதான் கிடைத்தது. அதற்கும் அவர் தினமும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் போவார். ஃபோக்னரில் ஒரு பழைய பலகை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். எனக்குத் தையல் தெரியும். அதைச் சொல்லித்தான் அந்தக் கொட்டகையில் வேலை கேட்டேன்.

அது காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும் சக்கர வீடுகளை, கரவன்களை, திருத்தும் இடம். கரவனின் பக்கச் சுவரில் ஓர் அலுமினியப் பட்டி பூட்டியிருக்கும். அதில் கன்வஸ் விரிப்பைக் கோத்து இழுத்து, தடிகள் ஊன்றி, கூடாரம் போல நிழல் எடுப்பார்கள். அந்தக் கன்வஸ் கிழிந்தால் தைப்பது என் வேலை. ஒரு பெரிய தையல் மெஷினும், மூலையில் ஒரு மேசையும், ஒரு கதிரையும் தந்தார்கள். சுவர்ப் பக்கம் என் வேலையே இல்லை. சுவர் வேலை செய்தவர் ஒரு கிரேக்கத் தச்சர். அவருடைய பேரப்பிள்ளைகள் இப்போதும் இந்தத் தொழிலில் இருப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். வாய் திறந்து பேசாத மனிதர். நான்கு பிள்ளைகளின் தகப்பன்.

அந்தக் காலத்துக் கரவன்கள் பலவற்றுக்கு வெளிச்சுவரே பிளைவூட் என்கிற ஒட்டுப்பலகைதான். மேலே பெயின்ற் அடித்திருப்பார்கள். ஒரு திருகாணித் துளையால் தண்ணீர் உள்ளே போனால் போதும், அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, நனைந்த புத்தகம் போல உப்பிவிடும். ஆனால் பெயின்ற் மட்டும் பளபளவென்று இருக்கும். நோய் வெளியே தெரியாது.

எனக்கு அது துணியில் தெரிந்தது. நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு வயோதிபத் தம்பதியின் கன்வஸ் தையல் விட்டு வந்தது. மேல் விளிம்பில், பட்டிக்குள் கோக்கும் இடத்தில், ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகத் துருக்கறை. பட்டியின் திருகாணிகள் துருப்பிடித்தால்தான் அப்படி வரும். திருகாணி துருப்பிடிக்கிறது என்றால் சுவருக்குள் தண்ணீர் நிற்கிறது. எழும்பிப் போய் முற்றத்தில் நின்ற அவர்களுடைய கரவனைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். பெயின்ற் உடையவில்லை, ஆனால் விரல் உள்ளே போய்த் திரும்பி வந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அங்கே மற்றவர்கள் ஆங்கிலத்தில் பேசியதையெல்லாம் என் தமிழிலேயே சொல்கிறேன்.

“உன்ரை வேலை துணி,” என்றார். “சுவர் எங்கடை வேலை. அந்த ரெண்டு பேரும் துணி தைக்கத்தான் தந்தவை.”

நான் திரும்பிப் போய்த் தைத்தேன். நல்ல தையல். இரட்டை நூல் போட்டுத் தைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தக் கரவன் ஒரு லொறியில் ஏறி வந்தது. வடக்கே போகிற வழியில் ஓர் இடத்தில் நிறுத்திக் கன்வஸை விரித்திருக்கிறார்கள். பின்னேரம் காற்று எழும்பியிருக்கிறது. கன்வஸ் கிழியவில்லை. பட்டியைச் சுவரிலிருந்து பிய்த்து, சுவரின் மேல் அடுக்கையும் உரித்துக்கொண்டு போயிருக்கிறது. பறந்த தடி ஒன்று அந்த மனிதரின் முகத்தில் அடித்தது. ஒரு கண் போய்விட்டது.

கரவனுக்குள் இருந்த கோப்பை சட்டிகளை எடுத்துப் போக அவருடைய மனைவி வந்தார். என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நீதானே தைச்சது,” என்றார். “நல்ல தையல். ஒரு நூல்கூட விடேல்லை.”

அதைச் சொல்லிவிட்டுச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் என்னைப் பாராட்டத்தான் சொன்னார். என்னால் அன்று முழுவதும் மெஷினை மிதிக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை முதலாளியின் அறைக்குப் போனேன். “இனிமேல் நான் சுவரைத் தட்டிப் பாக்காமல் கன்வஸ் தைக்கமாட்டன்,” என்றேன். அவர் சிரித்தார். தட்டினால் என்ன தெரியும் என்று கேட்டார். தெரியும் வரைக்கும் தட்டுவேன் என்றேன். அந்தப் பெரிய மெஷினை ஓட்ட அங்கே வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே, தட்டு என்று விட்டுவிட்டார்.

தட்டினேன். கேட்டுக் கேட்டுக் காது பழகியது. நல்ல பிளைவூட் ‘டக்’ என்று திருப்பிச் சொல்லும். பிரிந்தது ‘தொப்’ என்று விழுங்கிவிடும். ஒரு வருடத்துக்குள் கிரேக்கத் தச்சர் தன்னுடைய கரவன்களுக்குப் பக்கத்தால் நான் போகும்போது கையைக் காட்டி நிறுத்தத் தொடங்கினார். நான் தட்டி, ஒரு சோக்கட்டியால் கோடு கீறிவிட்டுப் போவேன். அவர் அந்தக் கோட்டில் வெட்டுவார். பிறகு அவருக்கு முதுகு பிடித்து மூன்று மாதம் பாரம் தூக்க முடியாமல் போனது. வெட்டவும் நானே பழகினேன். அவர் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. பிழையாகச் செய்தால் மரம் அறுக்கும் வாளை என் கையிலிருந்து வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். ஏன் என்று நானே கண்டுபிடித்தால் திருப்பித் தருவார்.

இப்படித்தான் துணிக்காரி சுவர்க்காரி ஆனேன். ஆம்பிளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். சேலையோடு வாள் பிடிக்கப்போகிறாயா என்று ஒருவன் கேட்டான். நான் வேலைக்குச் சேலை கட்டி ஒருநாளும் போனதில்லை. அவனுக்குச் சிரிக்க ஒரு சேலை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இனி டொரீனுடைய கரவன்.

டொரீன் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்த பெண். என் வயதுதான் இருக்கும். புருஷனை விட்டுவிட்டு இரண்டு பெண் பிள்ளைகளோடு வெளியே வந்தவள். கரவன்களை வாடகைக்கு நிறுத்தி வைக்கும் ஒரு பார்க்கில் இடம் எடுத்து, பதினாறு அடிக் கரவன் ஒன்றில் குடியிருந்தாள். மற்றவர்களுக்குக் கரவன் என்றால் விடுமுறை. அவளுக்கு அது வீடு, வேறு வீடு இல்லை. மழைக்குச் சுவர் ஊறுகிறது என்று திங்கட்கிழமை கொண்டுவந்து விட்டாள். தமக்கை வீட்டின் விறாந்தையில் பிள்ளைகளோடு படுத்திருப்பதாகவும், தமக்கையின் புருஷன் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் தவணை தந்திருப்பதாகவும் சொன்னாள். முதலாளி அவளுக்கு வாக்குக் கொடுத்தார். “வெள்ளி பின்னேரம் நீ உன்ரை வீட்டிலை இருப்பாய்.”

அந்த வாக்கை அவர் மனதாரத்தான் கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதர்களை எதிர்ப்பது எனக்குக் கடினமாக இருந்ததில்லை.

புதன்கிழமை நான் சுவரைத் திறந்தேன். வெளியே ஒரு கை அகலத்துக்கு உப்பல் தெரிந்தது. தட்டினேன். கதவிலிருந்து பின்மூலை வரைக்கும் ‘தொப்’. ஒரு பக்கப் பிளைவூட் முழுவதும் பிரிந்திருந்தது. வெளித்தோலைக் கொஞ்சம் உரித்து, உள்ளே நின்ற மரத்தூணில் திருப்புளியை வைத்தேன். அழுத்தவே இல்லை. பிட்டுக்குள் கரண்டி போவது போலப் பிடிவரை போய்விட்டது. அடுத்த தூணும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

உள்ளே ஏறிப் பார்த்தேன். அந்தத் தூண்களில்தான் ஒன்றன்மேல் ஒன்றான இரட்டைக் கட்டில் பூட்டியிருந்தது. மேல் கட்டிலில் ஒரு துணிப் பொம்மை. நான்கு திருகாணிகளில் அந்த மேல் கட்டில் நின்றது. அவை ஊன்றியிருந்த மரத்தை நான் என் நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

“எவ்வளவு நாள் எடுக்கும்?”

“ரெண்டு கிழமை. தூண் எல்லாம் மாத்தவேணும்.”

“வெள்ளிக்கிழமை குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஓம். எனக்குத் தெரியும்.”

அவர் நிமிர்ந்து கையைத் துடைத்தார். “மேலாலை அலுமினியத் தகடு போட்டு மூடு. தகடு பிடிச்சுக்கொண்டு நிக்கும். அவள் இதை எங்கையும் இழுத்துக்கொண்டு போறேல்லை. பார்க்கிலை சும்மா நிக்கிற கரவன்.”

“அந்தக் கட்டிலிலை பிள்ளையள் படுக்குதுகள்.”

“இவ்வளவு நாளும் படுத்ததுகள்தானே.”

“இவ்வளவு நாளும் விழேல்லை. அவ்வளவுதான்.”

“தெருவிலை படுக்கிறதைவிட அது நல்லம்,” என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. “நீ மூடாட்டி வேறை ஆள் மூடும். வியாழக்கிழமை தகடு வரும்.”

பிள்ளைகளே, நன்றாகக் கேளுங்கள். நான் செய்யமாட்டேன் என்று சொல்வது லேசு. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், நான் சுத்தமான ஆள் என்று படுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் விலகினால் வேறொருவன் மூடுவான். அந்தக் கட்டில் அதே நான்கு திருகாணிகளில்தான் தொங்கும். என் கையில் அழுக்குப் படவில்லை என்பதால் மரம் உறுதியாகிவிடுமா?

அன்று பின்னேரம் சிவத்திடம் சொன்னேன். அவர் கழுத்துப்பட்டியைக் கழற்றிக்கொண்டே கேட்டார். பிறகு கட்டிலில் அமர்ந்தார்.

“நீர் சொல்லுறது சரி,” என்றார். “ஆனா எங்களுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்? வேலை போனா ஆரிட்டைப் போய் நிக்கிறது? கண்டும் காணாமல் இரும்.”

“ஒருக்காக் கண்டும் காணாமல் இருந்தனான். அந்த மனுசனுக்கு இப்ப ஒரு கண்தான் இருக்கு.”

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. பயம் அவருக்கு எங்கள் இருவருக்காகவும்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை அலுமினியத் தகடு வந்து இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கிரேக்கத் தச்சரிடம் போய் நேராகக் கேட்டேன். “நீங்கள் எண்டால் என்ன செய்வியள்?”

“எனக்கு நாலு பிள்ளையள்,” என்றார். “நான் மூடுவன்.”

பன்னிரண்டரைக்கு எல்லோரும் தெருமுனைக் கடைக்குச் சாப்பிடப் போனார்கள். தச்சரும் போனார். அவர் தன் வாளை எப்போதும் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டு அசைவார். அன்று அது மேசையின் மேல் கிடந்தது. மறந்துபோனாரா, விட்டுப்போனாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

முதலில் கூரைக்கு உள்ளே இரண்டு தாங்குமுட்டு வைத்தேன். கட்டில்களைக் கழற்றி வெளியே எடுத்தேன். பிறகு கதவோரத்தில் வாளை வைத்தேன்.

நாற்பது நிமிடம். உரித்தேன், வெட்டினேன், இழுத்துப் போட்டேன். ஊறின பலகை அழுகிய வாசத்தோடு பாளம் பாளமாக வந்தது. தூண்கள் கையாலேயே முறிந்தன. அவர்கள் திரும்பி வந்தபோது டொரீனுடைய கரவனுக்கு ஒரு பக்கச் சுவரே இல்லை. உள்ளே இருந்த குசினி அலுமாரி, யன்னல் திரை, பிள்ளைகளின் படங்கள் ஒட்டிய மறுபக்கச் சுவர் எல்லாம் நாடக மேடை போலத் திறந்து கிடந்தன. தகட்டைப் பூட்ட இனி ஒரு மரமும் கிடையாது. யார் நினைத்தாலும் மூட முடியாது.

முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

“என்ன செய்திருக்கிறாய்?”

“மூடச் சொன்னியள். இப்ப மூடுறதுக்கு ஒண்டும் இல்லை.”

“நான் அவளுக்குச் சொன்ன வாக்கு?”

“நீங்கள் சுவரைப் பாக்க முந்திச் சொன்ன வாக்கு அது.”

“உன்ரை சாமானை எடு. போ.”

“போறன். ஆனா அவ வரட்டும். அவவுக்கு நான்தான் சொல்லவேணும்.”

மெஷினுக்குப் பக்கத்தில் போய் என் கதிரையில் அமர்ந்தேன். எழுந்து போ என்று இரண்டு முறை சொன்னார். நான் எழும்பவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளும் ஆள் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

டொரீன் வேலை முடிந்து நாலு மணிக்கு வந்தாள். குசினிக்காரிகளின் வெள்ளை மேலங்கியோடு வந்தாள். எவ்வளவு முடிந்தது என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். கரவனைக் கண்டதும் கையில் இருந்த பையைக் கீழே போட்டாள்.

முதலாளி என்னைக் கைகாட்டினார். அவள் என்னிடம் வந்தாள்.

“ஆர் உன்னைக் கேட்டது?” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “இது என்ரை வீடு. நாளைக்கு என்ரை பிள்ளையளை நான் எங்கை படுக்க வைக்கிறது? ஒரு சொல்லு என்னைக் கேட்டியா?”

கேட்கவில்லை. அதுதான் என் பிழை. முதலாளியின் அறைக்குள் டெலிபோன் இருந்தது. அவளுடைய ஆஸ்பத்திரி நம்பர் எழுதிய அட்டை ஆணியில் தொங்கியது. ஒரு நிமிட வேலை. முதலாளியோடு மல்லுக்கட்டும் வேகத்தில், அந்தச் சுவர் எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் ஒரு வழக்கு என்று நினைத்துவிட்டேன். சுவருக்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறாள் என்பது மறந்துபோயிற்று. நீங்கள் துணிந்து ஒன்றைச் செய்யும்போது, அதற்கு விலை கொடுக்கப்போகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். அவரைக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

“கேக்கேல்லை,” என்றேன். “அது என்ரை பிழை. ஆனா இதைப் பார்.”

கீழே கிடந்த தூண் துண்டு ஒன்றை எடுத்து அவளுடைய கையில் வைத்தேன். அவள் விரலை மடக்கினாள். துணியைப் பிழிவது போல விரல்களுக்கு இடையால் தண்ணீர் வடிந்தது. மரம் கூழாகக் கையில் ஒட்டியது.

அவள் கேட்டாள். “இது எந்தப் பக்கத்துத் தூண்?”

“கட்டில் பக்கம்.”

“மேல் கட்டிலா?”

“ஓம்.”

மேல் கட்டிலில் படுப்பது அவளுடைய சின்னவள், ஆறு வயது என்று பிறகு அறிந்தேன். டொரீன் கையை மேலங்கியில் துடைத்தாள். முதலாளியைப் பார்த்தாள்.

“இது உங்களுக்குத் தெரியுமா?”

“தகடு பிடிச்சிருக்கும்,” என்றார் முதலாளி. அவருடைய குரல் இறங்கியிருந்தது. “எப்பிடியோ, இவளை நான் வேலையாலை நிப்பாட்டிப்போட்டன். வேறை ஆளை விட்டு...”

“நிப்பாட்டிப்போட்டியளா?”

“ஓம்.”

“நல்லது,” என்றாள் டொரீன். “அப்ப இவளுக்கு நேரம் இருக்கு.”

அவள் என் பக்கம் திரும்பி, “உன்ரை வீட்டிலை கரவன் நிப்பாட்ட இடம் இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். சிவத்திடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம்கூட அப்போது எனக்கு வரவில்லை.

அப்படியானால் இப்போதே கொண்டுபோ, என் இடத்தில் அது நிற்கக்கூடாது என்றார் முதலாளி. சுவர் இல்லாத கரவனைத் தெருவில் இழுக்க முடியாது. கூரை ஆடும். நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே தச்சர் வந்தார். தோளில் இரண்டு புதுத் தூண். யாரையும் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல், அவற்றைக் கூரைக்கும் தளத்துக்கும் இடையில் நிறுத்தித் திருகாணி ஏற்றினார். “றோட்டுக்கு,” என்று ஒரே சொல் சொன்னார். முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. தச்சர் தன் வாளை எடுத்துத் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

டொரீனுடைய பழைய காரில் கரவனைக் கொழுவி, நடக்கிற வேகத்தில், ஃபோக்னருக்குக் கொண்டுவந்தோம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தார்கள். பிறகு டொரீன் போய்த் தமக்கை வீட்டிலிருந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சிவம் வேலையால் வந்து பார்த்தபோது, முற்றத்தில் ஒரு பக்கம் திறந்த கரவன், குசினியில் தெரியாத பெண் ஒருத்தி, மேசையில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் சீனி போட்டுப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். என்னைப் பார்த்தார்.

“வேலை போயிட்டுதோ?”

“போயிட்டுது.”

அவர் கழுத்துப்பட்டியைக் கழற்றி மடித்து வைத்தார். சட்டைக் கையை மடித்தார். “அப்ப நான் எதைப் பிடிக்கவேணும் எண்டு சொல்லும்,” என்றார்.

வெள்ளிக்கிழமை தமக்கை வீட்டுத் தவணை முடிந்தது. அதற்குள் சுவர் எழும்பாது. ஆனால் துணி எனக்குத் தெரியும். பழைய கன்வஸ் விரிப்பு ஒன்றை வெட்டி, வீட்டு மெஷினில் ஊசி மூன்று முறை முறிய முறிய, சுவர் அளவுக்குத் தைத்தேன். அந்த இரண்டு தூண்களிலும் இழுத்துக் கட்டினோம். கட்டில் மெத்தைகளைத் தரையில் போட்டோம். டொரீனும் பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை பின்னேரம் தங்கள் வீட்டில் இருந்தார்கள். முதலாளியின் வாக்கு ஒருவகையில் நிறைவேறியது. சனிக்கிழமை விடிய மழை பெய்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கன்வஸ் உப்பித் தணிந்தது, ஒழுகவில்லை.

அன்றே தச்சர் காரின் கூரையில் மரம் கட்டிக்கொண்டு வந்தார். கூடுதலாக வெட்டுப்பட்ட துண்டுகள் என்றார். ஒவ்வொன்றும் சரியாகத் தூண் அளவு. இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்.

பன்னிரண்டு நாள் வேலை செய்தோம். டொரீன் விடியற்காலை வேலைக்குப் போய், நாலரைக்கு வந்து மேலங்கியை மாற்றிக்கொண்டு மரம் பிடிப்பாள். என்னோடு அதிகம் பேசமாட்டாள். முதல் நாளின் கோபம் அவளுக்கு முழுக்கத் தணியவில்லை. எனக்கு அது தெரியும், தணியச் சொல்லி நானும் கேட்கவில்லை. சிவம் பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, பசை இறுகும்வரை டிக்கெட் பரிசோதகரின் பொறுமையோடு நிற்பார். நகரசபை ஆள் ஒருவர் வந்து, குடியிருப்புப் பகுதியில் இந்த வேலை செய்யக்கூடாது என்றார். நான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பழைய தூண் ஒன்றைக் கையில் கொடுத்தேன். பிள்ளைகளின் கட்டில் எங்கே பூட்டியிருந்தது என்று காட்டினேன். எப்போது முடியும் என்று கேட்டார். அடுத்த வியாழன் என்றேன். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் பின்னேரம் முடிந்தது. பெயின்ற் காய்ந்திருந்தது. டொரீன் காரைக் கொழுவினாள். பிறகு இறங்கி வந்து, கரவனின் முன்மூலையிலிருந்து பின்மூலை வரைக்கும், விரல் முட்டியால் ஒவ்வொரு அடியாகத் தட்டிக்கொண்டு நடந்தாள். பன்னிரண்டு நாளும் நான் தட்டியதைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். ‘டக், டக், டக்.’ மேல் கட்டில் இருந்த இடத்தில் இரண்டு தரம் தட்டினாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

முதலாளி என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. கம்பல்பீல்டில் இருந்த ஒவ்வொரு கொட்டகைக்கும் அந்தக் கதை போனது. நான் வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம், பெயரைச் சொன்னதும் முகம் மாறும். ஓரிடத்தில், சுவர்களுக்குப் பக்கத்திலேயே உன்னை விடமுடியாது என்று சிரித்தார்கள். ஐந்து மாதம் ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்க்கும் இடத்தில் வேலை செய்தேன். அந்த ஐந்து மாதத்தில், மூடியிருக்கலாமோ என்று சில நாள் நினைத்ததுண்டு. பொய் சொல்லமாட்டேன். நினைத்துவிட்டு, அந்த நான்கு திருகாணிகளையும் நினைப்பேன். பிறகு உடுப்புத் தோய்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலை வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். தொப்பியும் வெயிலில் கறுத்த கழுத்துமாக, பண்ணைக்காரர் மாதிரி. பின்னால் தெருவில் ஒரு கரவன்.

“கஸ்டமரின்ரை கரவனை வெட்டி நாசமாக்கின இந்தியன் பொம்பிளை ஒருத்தி இந்தத் தெருவிலை இருக்கிறாளாம்,” என்றார். “கம்பல்பீல்டிலை மூண்டு இடத்திலை எனக்குச் சொன்னவங்கள்.”

சிவம் எனக்குப் பின்னால் வந்து நின்றார். நான் படியால் இறங்கிப் போனேன்.

“இந்தியன் இல்லை, சிலோன்,” என்றேன். “மற்றதெல்லாம் சரி. அது நான்தான்.”

அவர் தொப்பியைக் கழற்றினார். தெருவில் நின்ற தன் கரவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“அந்த மூண்டு பேரும் இதைத் தட்டிக்கூடப் பாக்கேல்லை,” என்றார். “தகடு போட்டுத் தாறம் எண்டவங்கள். நீ வெட்டிப் பாப்பியா?”

“பாப்பன். ஆனா வெட்ட முந்தி உங்களைக் கேப்பன்.”

“கேள்,” என்றார்.

முற்றத்துக் கேற்றை அகலத் திறந்துவிட்டேன்.